விளக்கை அணைப்பது திருத்தமாகாது
ஓட்டோ கியரை மனுவலாக மாற்றிய வாகனத்தில் எஞ்சின் கணனியின் பிழைக் குறிகளை வாசித்தலும் அழித்தலும் – ஒரு பாடம்

கீழ்வரும் கதை பல ஊர்களில் வெவ்வேறு விதமாக நடப்பதுதான். கிராமமொன்றில் வாடகைக்கு ஓடும் கொரோலா காரின் ஓட்டோ கியர் பெட்டி பழுதடைந்தது. அதைத் திருத்துவதற்கான செலவைக் கேட்டு மலைத்துப்போன சொந்தக்காரர், பழைய மனுவல் கியர் பெட்டியொன்றை வாங்கிப் பூட்டுவித்தார். கார் நன்றாகவே ஓடியது. ஆனால் மீற்றர் பலகையில் எஞ்சின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருந்தது. திருத்தியவர் பற்றரிக் கம்பியைக் கழற்றி மீண்டும் பூட்டினார். விளக்கு அணைந்தது. இரண்டாம் நாள் மறுபடி எரிந்தது. மூன்று தடவை இவ்வாறு நடந்த பின்னர், அந்த விளக்கின்மேல் கறுத்த ரேப் துண்டொன்றை ஒட்டிவிட்டு, "இனிப் பயமில்லாமல் ஓடுங்கோ அண்ணை" என்று அனுப்பிவிட்டார்.

சில மாதங்களில் பெற்றோல் செலவு கூடியது. ஆண்டு வரிப் பத்திரத்திற்கான புகைப் பரிசோதனையிலும் கார் தேறவில்லை. தேடிப் பார்த்தபோது ஒட்சிசன் சென்சர் பழுதடைந்திருந்தது. கணனி அதைப் பல வாரங்களுக்கு முன்னரே அறிவித்திருந்தது. ஒட்டிய ரேப் அதை மறைத்துவிட்டது.

இன்னொரு நாள், சொந்தக்காரரின் மகன் வெளியே நின்றபடி யன்னலூடாகக் கையை விட்டுத் திறப்பைத் திருகினான். கியரில் நின்ற கார் முன்னே பாய்ந்து வேலியை உடைத்தது. வேலியோரம் அவ்வேளை எவரும் நிற்காதபடியால் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை.

இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. கியர் பெட்டி மாற்றப்பட்டது. ஆனால் அதனோடு இணைந்த மின்கம்பிகளின் வேலை முடிக்கப்படவில்லை. அந்த மிச்ச வேலை என்ன என்பதை இப்பாடத்தில் பார்ப்போம். வாகனம் திருத்தப் பழகும் இளைஞருக்கும், வாகனத்தை நம்பிப் பிழைப்பவருக்கும் இது பயன்படும்.

ஏன் இந்த மாற்றம்?

எமது நாட்டில் ஓடும் கார்களிலும் வான்களிலும் பெரும்பங்கு யப்பானில் பாவிக்கப்பட்டு இங்கு கொண்டுவரப்பட்டவை. யப்பானியர் ஓட்டோ கியரையே அதிகம் விரும்புவதால் அவற்றுட் பல ஓட்டோவாகவே வந்துசேர்கின்றன. ஓட்டோ பெட்டி சிக்கலானது. அதன் எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்படாவிட்டால் உள்ளே உள்ள கிளச் தட்டுகள் தேய்ந்துவிடும். அதை ஒழுங்காகத் திருத்தக்கூடியவர்கள் நகரங்களிலேயே உள்ளனர். மனுவல் பெட்டியையோ ஊர்க் கராச்சிலேயே இறக்கி ஏற்றலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்கள் 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை பெரிதும் உயர்ந்தது. இருந்த வாகனத்தைத் திருத்தி ஓடுவதே பலருக்கும் ஒரே வழியாயிற்று. ஆகவே இம்மாற்றத்தைத் தவறென்று சொல்வதற்கில்லை. பாதியில் விடுவதே தவறு.

கணனி எதை எதிர்பார்க்கிறது?

எஞ்சின் கணனி என்பது உலோகப் பெட்டிக்குள் அடங்கிய ஒரு சிறு மின்பலகை. எஞ்சினில் உள்ள சென்சர்கள் தரும் செய்திகளைக் கொண்டு எவ்வளவு பெற்றோல் விடுவது, எப்போது தீப்பொறி கொடுப்பது என்று அது தீர்மானிக்கிறது. வரவேண்டிய செய்தி வராவிட்டாலோ, வந்த செய்தி பொருந்தாவிட்டாலோ, அதற்கென ஓர் இலக்கத்தை நினைவில் பதிந்து விளக்கை எரிக்கிறது. அந்த இலக்கமே பிழைக் குறி.

பழைய கொரோலா 100 போன்றவற்றின் சில ஓட்டோ பெட்டிகளில் கியர் மாற்றம் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தினாலேயே நடந்தது. அவற்றில் கணனிக்குக் கியர் பெட்டியோடு அதிக தொடர்பில்லை. 2000 ஆம் ஆண்டு யப்பானில் வெளிவந்த கொரோலா 121 போன்றவற்றின் ஓட்டோ பெட்டியில் கியரை மாற்றுவதே கணனிதான். அது கியர் பெட்டியிடம் பின்வருவனவற்றை எதிர்பார்க்கிறது:

1. கியர் நெம்பு எந்த இடத்தில் நிற்கிறது என்ற செய்தி. இது பெட்டியின் பக்கத்திலுள்ள நியூட்ரல் சுவிச்சிலிருந்து வருகிறது.
2. கியர் மாற்றும் சொலனோயிட்டுகளின் மின்சுற்று. சொலனோயிட் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் எண்ணெய் வால்வு.
3. டோர்க் கொன்வெட்டரைப் பூட்டும் சொலனோயிட்டின் மின்சுற்று.
4. பெட்டியின் உட்தண்டு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற செய்தி.
5. கியர் எண்ணெயின் வெப்பநிலை.
6. வாகனத்தின் வேகம்.

மனுவல் பெட்டியைப் பூட்டியதும் இவற்றுட் பெரும்பாலானவை இல்லாமற் போகின்றன. கணனிக்கோ கியர் மாறியது தெரியாது. சொலனோயிட்டின் கம்பி அறுந்துவிட்டது, சென்சர் பழுதடைந்துவிட்டது என்றே அது எண்ணுகிறது. சில வாகனங்களில் எஞ்சினைக் காப்பதற்காக அதன் வலுவையும் குறைத்துவிடுகிறது. பற்றரியை எத்தனை தடவை கழற்றினாலும், திறப்பைப் போட்டதும் கணனி அதே கேள்விகளையே மறுபடி கேட்கும். விடை கிடையாதபோது விளக்கு மீண்டும் எரியும்.

விளக்கு உடனே எரியாமல் இரண்டாம் நாள் எரிவதற்கும் காரணமுண்டு. சில பிழைகளைக் கணனி முதல் ஓட்டத்திற் கண்டதும் தற்காலிகமாகக் குறித்துவைக்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதே பிழையைக் கண்டால்தான் விளக்கை எரிக்கிறது. ஆகவே கராச் வாசலில் விளக்கு அணைந்திருப்பது வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாகாது.

குறிகளை வாசித்தல்

முதலாவது விதி: எதையும் அழிக்கும் முன் வாசியுங்கள், வாசித்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

புதிய வகை வாகனங்களில் ஸ்டியரிங்கின் கீழே 16 ஊசிப் பிளக் ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 1996 மாதிரிக் கார்களிலிருந்து இந்த முறை கட்டாயமாயிற்று. பின்னர் ஏனைய நாடுகளிலும் பரவியது. ஸ்கேனரை இதில் பூட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை மட்டும் ‘ஒன்’ நிலையில் வைத்து வாசிக்கலாம். கைத்தொலைபேசியோடு இணையும் மலிவான ஸ்கேனர்களும் இன்று கிடைக்கின்றன. ஆனால் யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட சில கார்களோடு இவை தொடர்புகொள்வதில்லை. பிளக் பொருந்துவதால் மட்டும் ஸ்கேனர் பொருந்திவிட்டது என்று எண்ணலாகாது. வாசிக்க முடியாவிட்டால் அந்த வாகனத்திற்குரிய ஸ்கேனர் உள்ள இடத்திற்குக் கொண்டுசெல்லுங்கள்.

குறிகளின் அமைப்பு இலகுவானது. ‘பி’ என்ற எழுத்து எஞ்சினையும் கியரையும் குறிக்கும். அதன்பின் நான்கு இலக்கங்கள் வரும். முதலாவது 0 ஆயின் எல்லாக் கொம்பனிகளுக்கும் பொதுவான குறி; 1 ஆயின் அந்தக் கொம்பனிக்கே உரியது. இரண்டாவது இலக்கம் பகுதியைச் சொல்லும். 1, 2 என்பன காற்றும் எரிபொருளும், 3 தீப்பொறி, 4 புகைக் கட்டுப்பாடு, 5 வேகமும் ஐடிலும், 7 கியர். ஆகவே ‘பி07’ என்று தொடங்கும் எந்தக் குறியும் கியர் பெட்டியைப் பற்றியதே. கியர் மாற்றத்தின் பின்னர் அடிக்கடி காணப்படுபவை இவை:

பி0705 – கியர் நிலையைக் காட்டும் சுவிச்சின் சுற்று
பி0710 – கியர் எண்ணெய் வெப்பநிலைச் சென்சர்
பி0715 – உட்தண்டின் வேகச் சென்சர்
பி0740 – டோர்க் கொன்வெட்டர் பூட்டு
பி0750, பி0755 – கியர் மாற்றும் சொலனோயிட்டுகள்
பி0500 – வாகன வேகச் சென்சர்
பி0700 – கியர்க் கட்டுப்பாட்டில் பிழை உண்டு என்ற பொது அறிவிப்பு

பழைய டொயோட்டாக்களில் ஸ்கேனர் இல்லாமலே வாசிக்கலாம். பொனட்டின் கீழுள்ள சிறு சோதனைப் பெட்டியின் மூடியைத் திறந்தால் துளைகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். கியர் நியூட்ரலில் இருக்க, ஏசியையும் விளக்குகளையும் நிறுத்தி, அக்சிலரேற்றரை மிதியாமல், ‘டி.ஈ.1’, ‘ஈ.1’ என்ற இரு துளைகளையும் சிறு கம்பியால் இணைத்துத் திறப்பைப் போடுங்கள். பிழை எதுவும் இல்லாவிட்டால் விளக்கு ஒரே சீராக விரைந்து சிமிட்டும். பிழையிருந்தால் எண்ணிச் சிமிட்டும். நான்கு தடவை சிமிட்டி, சற்று நின்று, இரண்டு தடவை சிமிட்டினால் அது 42, அதாவது வேகச் சென்சர். 51 என்று காட்டினால் ஏசி போடப்பட்டிருக்கலாம், அக்சிலரேற்றர் மிதிபட்டிருக்கலாம், அல்லது வாகனம் ‘டி’ கியரில் நிற்பதாகக் கணனி எண்ணியிருக்கலாம். இந்த 51 நினைவிற் பதியப்படுவதில்லை. அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். மனுவலாக மாற்றிய காரில், மற்ற எல்லாம் சரியாக இருக்க 51 வந்தால், நியூட்ரல் கம்பி சரியாக இணைக்கப்படவில்லை என்று அறியலாம்.

துளைகளை மாறி இணைத்தால் கணனி சேதமடையலாம். மூடியில் உள்ள பெயரை இரண்டு தடவை வாசித்த பின்னரே கம்பியைச் செருகுங்கள்.

குறிகளை இரண்டாகப் பிரித்தல்

இப்பாடத்தின் மையமான கருத்து இதுதான். கொப்பியில் எழுதிய குறிகளை இரண்டு பத்திகளாகப் பிரியுங்கள்.

முதலாவது பத்தி: இப்போது வாகனத்தில் இல்லாத உறுப்புகளைப் பற்றிய குறிகள். சொலனோயிட், உட்தண்டுச் சென்சர், ஓட்டோ எண்ணெயின் வெப்பநிலை என்பன இதில் அடங்கும்.

இரண்டாவது பத்தி: வாகனத்தில் இருக்கும் உறுப்புகளைப் பற்றிய குறிகள். வேகச் சென்சர், ஒட்சிசன் சென்சர், நொக் சென்சர், கிராங்க் சென்சர் என்பன இதில் அடங்கும்.

இரண்டாவது பத்தியில் உள்ள எதையும் "கியர் மாத்தினதால வந்தது" என்று ஒதுக்கிவிடலாகாது. கியர் பெட்டியை இறக்கி ஏற்றும்போது பக்கத்திலுள்ள பிளக்குகள் கழற்றப்படுகின்றன. ஒட்சிசன் சென்சரின் கம்பி சைலன்சர் குழாயில் முட்டி உருகிவிடலாம். நொக் சென்சரின் பிளக் பூட்டப்படாமல் தொங்கலாம். சில எஞ்சின்களில் கிராங்க் சென்சர் பிளைவீலின் பற்களையே வாசிக்கிறது. அவற்றில் பொருந்தாத பிளைவீல் பூட்டினால் பி0335 போன்ற குறி வரும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம்.

எமது கதையில் நடந்த பெரிய பிழை, முதலாவது பத்திக்காக எரிந்த விளக்கை மறைத்ததால் இரண்டாவது பத்திக்கான எச்சரிக்கையும் மறைந்ததே. எப்போதும் எரியும் விளக்கை எவரும் பார்ப்பதில்லை. வயல் காக்கும் நாய் நாள் முழுதும் குரைத்தால், பன்றி வந்த இரவிலும் யாரும் எழுந்து பார்க்கமாட்டார்கள் அல்லவா?

கட்டாயம் செய்யவேண்டிய நான்கு இணைப்புகள்

வேலை தொடங்கும் முன் திறப்பை எடுத்து, பற்றரியின் மறைக் கம்பியைக் கழற்றுங்கள். எயார் பாக் உள்ள வாகனமாயின் அதன்பின் குறைந்தது 90 செக்கன்கள் காத்திருந்து வேலையை ஆரம்பியுங்கள். டாஷ்போட்டின் கீழுள்ள மஞ்சள் நிறப் பிளக்குகள் எயார் பாக்குக்கு உரியவை. அவற்றைத் தொடவேண்டாம், மீற்றர் வைத்தும் அளக்கவேண்டாம்.

1. ஸ்டார்ட்டர் சுற்று. ஓட்டோ வாகனம் ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும். அந்தக் காவலைச் செய்வது நியூட்ரல் சுவிச். பெட்டி போனதும் சுவிச்சும் போய்விடுகிறது. பலர் அந்த இரு தடித்த கம்பிகளையும் முறுக்கி ஒன்றாகக் கட்டிவிடுகின்றனர். கார் ஸ்டார்ட் ஆகும்; ஆனால் எந்தக் கியரிலும் ஸ்டார்ட் ஆகும். வேலியை உடைத்தது இந்த முடிச்சுத்தான். செய்யவேண்டியது என்னவெனில், கிளச் மிதியின் மேற்பகுதியில் ஒரு சுவிச்சைப் பூட்டி, கிளச்சை முற்றாக மிதித்தால் மட்டுமே சுற்று இணையும்படி அக்கம்பிகளை அதனூடாகக் கொண்டுசெல்வது. பல மனுவல் வாகனங்களின் மிதிச் சட்டத்தில் இதற்கான இடம் ஏற்கெனவே உண்டு. மிதியோடு சுவிச்சையும் சேர்த்தே வாங்குங்கள்.

கணனிக்குச் செல்லும் நியூட்ரல் செய்தியும் இச்சுற்றோடு தொடர்புடையது. வாகனம் ‘டி’ கியரில் நிற்பதாகக் கணனி எண்ணினால் ஐடில் வேகத்தை அதற்கேற்ப மாற்றும். எந்தக் கம்பியை எங்கே இணைப்பது என்பதை அந்த மாதிரிக்குரிய வயரிங் வரைபடத்தைப் பார்த்தே தீர்மானியுங்கள். கம்பியின் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம்.

2. பின்செல் விளக்கு. ஓட்டோவில் இதற்கான கம்பிகளும் பெரும்பாலும் அதே நியூட்ரல் சுவிச்சின் பிளக்கிலேயே வருகின்றன. மனுவல் பெட்டியில் இதற்கென இரு கம்பிச் சுவிச் ஒன்று உண்டு. அவற்றை இணைத்து, பின்கியர் போடும்போது வெள்ளை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் பின்னே எடுக்கும் வாகனத்திற்கு இது சிறிய விடயமன்று.

3. வேகச் சென்சர். மனுவல் பெட்டியிலுள்ள சென்சரின் பிளக்கும் கம்பி எண்ணிக்கையும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் வாகனத்தின் மீற்றருக்கு ஏற்ற சென்சரைத் தேடிப் பூட்டவேண்டும். இது இல்லாவிட்டால் மீற்றர் வேலை செய்யாததோடு, வாகனம் ஓடுகிறதா நிற்கிறதா என்பதும் கணனிக்குத் தெரியாது. வேகத்தைக் குறைத்து நிறுத்தும் வேளையில் எஞ்சின் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். பூட்டிய பின் கைத்தொலைபேசியின் ஜீ.பீ.எஸ். காட்டும் வேகத்தோடு மீற்றரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓட்டுபவர் அல்ல, பக்கத்தில் இருப்பவரே அதைப் பார்க்கவேண்டும்.

4. நிலக் கம்பி. எஞ்சினையும் கியர் பெட்டியையும் பொடியோடு இணைக்கும் தடித்த கம்பி அல்லது பின்னிய பட்டி ஒன்று உண்டு. புதிய பெட்டியில் அதற்குரிய போல்ட் வேறிடத்தில் இருப்பதால், அதைப் பூட்டாமலே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய மின்னோட்டம் அக்சிலரேற்றர் கேபிள், கியர் கேபிள் போன்ற வேறு வழிகளால் திரும்பிச்செல்ல முயலும். கேபிள் சூடாகும், ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல குறிகள் ஒரே நேரத்தில் வரும். இத்தகைய குறிகளைக் கண்டால் சென்சர்களை வாங்கிக் குவிக்குமுன் இந்தக் கம்பியைப் பாருங்கள். துருவைச் சுரண்டி இறுகப் பூட்டுங்கள்.

இல்லாத உறுப்புகளுக்கு என்ன செய்வது?

இப்போது முதலாவது பத்திக்கு வருவோம். மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, மனுவல் வாகனத்தின் கணனியைப் பூட்டுவது. இதுவே சிறந்தது. அந்தக் கணனி சொலனோயிட்டைத் தேடாது; ஆகவே பிழையும் சொல்லாது. அதே எஞ்சின், அதே மாதிரி, அதே பிளக் அமைப்பு உடையதாக இருத்தல் வேண்டும். கணனியின் மேலே ஒட்டப்பட்டுள்ள பாக இலக்கத்தைக் குறித்துக்கொண்டு தேடுங்கள். பிளக் ஒன்றாயிருந்தும் உள்ளே கம்பிகள் இடம் மாறியிருக்கலாம். வரைபடத்தோடு ஒப்பிடாமல் திறப்பைப் போடவேண்டாம். களவுத் தடுப்புத் திறப்பு உள்ள வாகனமாயின் அதையும் புதிய கணனிக்குப் பழக்கவேண்டும். மனுவல் பெட்டி வாங்கும்போதே, அது கழற்றப்பட்ட காரின் கணனி, மிதிகள், கிளச் சிலிண்டர்கள், வேகச் சென்சர், கியர் கேபிள்கள் அனைத்தையும் ஒருமிக்கக் கேட்டு வாங்குவது தனித்தனியே தேடி அலைவதிலும் இலாபமானது.

இரண்டாவது வழி, இருக்கும் கணனியின் நிரலை மாற்றி, ‘இது மனுவல்’ என்று பதிவுசெய்வது. சில வாகனங்களில் இது முடியும்; சிலவற்றில் முடியாது. அதற்குரிய கருவியும் பயிற்சியும் உள்ளவர் மட்டுமே செய்யவேண்டிய வேலை.

மூன்றாவது வழி, சொலனோயிட்டுக்குப் பதிலாக அதே அளவு தடையியைப் பூட்டுவது. சுற்று அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கணனிக்கு இது போதும். இங்கே ஒரு சிறு கணக்குச் செய்வோம். டொயோட்டாவின் சாதாரண கியர் மாற்றும் சொலனோயிட் ஏறத்தாழ 11 முதல் 15 ஓம் வரை இருக்கும். 13 ஓம் என்று வைப்போம். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ற். 14ஐ 13ஆல் வகுத்தால் 1 அம்பியருக்குச் சற்றுக் கூட. அதை 14ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 15 வாற். வானொலியில் பாவிக்கும் கால் வாற் தடையியைப் பூட்டினால் அது உடனே கருகிப் புகையும். வயரிங்கில் தீப்பற்றவும் கூடும். குறைந்தது 25 வாற் தாங்கும் தடையியை, வயர்களுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் விலக்கி, உலோகத் தகட்டின்மேல் போல்ட் போட்டுப் பூட்டவேண்டும். எண்ணெய் அழுத்தத்தை ஆளும் சொலனோயிட்டின் அளவு வேறு. ஆகவே கழற்றிய பெட்டியிலேயே ஒவ்வொன்றையும் மல்டிமீற்றரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சுழலும் தண்டின் வேகத்தைத் தடையியால் காட்ட முடியாது. எனவே இம்முறையால் எல்லாக் குறிகளும் போய்விடும் என்று வாக்களிக்கவேண்டாம்.

ஓர் எல்லையையும் மறத்தலாகாது. வாகனத்தில் இல்லாத உறுப்புக்குப் பதிலாகத் தடையி வைக்கலாம். இருந்து பழுதடைந்த உறுப்புக்குப் பதிலாக ஒருபோதும் வைக்கலாகாது. அது வாகனத்தை நம்பி ஏறுபவரை ஏமாற்றுவதாகும்.

குறிகளை அழித்தல்

மேற்சொன்ன வேலைகள் முடிந்த பின்னரே அழித்தல் வருகிறது. அதுவே எல்லாவற்றிலும் சிறிய வேலை.

ஸ்கேனர் உள்ளவர்கள் திறப்பை ‘ஒன்’ நிலையில் வைத்து, எஞ்சினை நிறுத்தியபடி ‘குறிகளை அழி’ என்ற கட்டளையைக் கொடுக்கலாம். பழைய டொயோட்டாக்களில் திறப்பை நிறுத்தி, ‘ஈ.எவ்.ஐ.’ என்று எழுதப்பட்ட 15 அம்பியர் பியூசைக் குறைந்தது 10 செக்கன்கள் கழற்றி வைத்தால் போதும். ஒரு நிமிடம் வைப்பது இன்னும் நல்லது. பற்றரியைக் கழற்றினாலும் அழியும். ஆனால் மணிக்கூடு, வானொலி நிலையங்கள் முதலியனவும் சேர்ந்து அழியும். புதிய வாகனங்கள் சிலவற்றில் பற்றரியைக் கழற்றினாலும் குறிகள் அழிவதில்லை.

அழிக்கும்போது குறி மட்டும் போவதில்லை. பிழை ஏற்பட்ட கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பம் என்பன எப்படி இருந்தன என்று கணனி எடுத்துவைத்த குறிப்பும் போகும். கணனி பழகிவைத்த பெற்றோல் அளவும் ஐடில் அளவும் போகக்கூடும். அதனால் முதலிற் சிறிது நேரம் ஐடில் கூடிக் குறையலாம். சில ஓட்டங்களில் அது சீராகும். எழுதிவைக்காமல் அழிப்பவர், நோயாளியின் குறிப்பேட்டைக் கிழித்தெறிந்துவிட்டு வைத்தியம் பார்ப்பவருக்கு ஒப்பாவார்.

ஓட்டிப் பரிசோதித்தல்

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கிளச்சை மிதியாமல் திறப்பைத் திருகுங்கள். ஸ்டார்ட்டர் சுழலக்கூடாது. இச்சோதனையை நியூட்ரலில், கைப்பிரேக் இழுத்து, முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் செய்யுங்கள்.
2. கிளச்சை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் விளக்கு திறப்பைப் போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். திறப்பைப் போடும்போதே எரியாவிட்டால் விளக்கு பழுதாயிருக்கலாம். அல்லது யாரோ மறைத்திருக்கலாம். பாவித்த வாகனம் வாங்குவோர் இதை முதலிற் பார்க்கவேண்டும்.
3. எஞ்சின் நன்கு சூடாகும்வரை ஐடிலில் விட்டு, ஏசியைப் போட்டும் நிறுத்தியும் பாருங்கள்.
4. எல்லாக் கியர்களிலும் ஓட்டுங்கள். சில தடவைகள் வேகத்தைக் குறைத்து முற்றாக நிறுத்துங்கள்.
5. நிறுத்தி, ஆறவிட்டு, மறுநாளும் இவ்வாறே ஓட்டுங்கள்.
6. இரண்டாம் ஓட்டத்தின் பின்னர் மீண்டும் வாசியுங்கள். விளக்கு எரியாவிட்டாலும் தற்காலிகக் குறிகள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் முன்னர் எழுதிய கொப்பியோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு ஓட்டங்களின் பின்னும் குறி எதுவும் இல்லாவிட்டால், வேலை முடிந்தது என்று துணிந்து சொல்லலாம்.

திருத்துபவருக்கும் சொந்தக்காரருக்கும்

மனுவல் கணனி கிடைக்காமல், முதலாவது பத்தியில் ஒரு குறியேனும் மிஞ்சும் சந்தர்ப்பமும் உண்டு. அப்போது அதை மறைக்கவேண்டாம். "இந்த வாகனத்தில் பி0715 எப்போதும் இருக்கும், அது இல்லாத சென்சருக்கானது. வேறு எந்த இலக்கம் வந்தாலும் கொண்டுவாருங்கள்" என்று ஒரு தாளில் எழுதி, எந்தக் கம்பி எங்கே இணைக்கப்பட்டது என்ற சிறு படமும் வரைந்து, வாகனப் புத்தகத்தோடு வைத்துக் கொடுங்கள். மாதம் ஒரு தடவை ஸ்கேனரில் பார்க்கும் பழக்கம் இருந்தால் புதிய குறி எதுவும் தப்பிப்போகாது. நாளை வேறொரு கராச்சில் வேறொருவர் அதைத் திருத்தும்போது அந்தத் தாள் அவருக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

சொந்தக்காரரும் கூலியைப் பேசும்போது கியர் பெட்டியை ஏற்றி இறக்கும் கூலியை மட்டும் பேசலாகாது. மின்கம்பி வேலைக்கும், இரண்டு நாள் பரிசோதனைக்கும் சேர்த்தே பேசவேண்டும். "இண்டைக்குப் பின்னேரமே கார் வேணும்" என்று அவசரப்படுத்தினால், ரேப் ஒட்டும் கைக்கு நாமே வழிவிட்டவர்களாவோம்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

• வாசி, எழுது, பிரி, திருத்து, பிறகு அழி. இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம்.
• ‘பி07’ குறிகள் கியரைப் பற்றியவை. மற்றவற்றைக் கியர் மாற்றத்தின்மேல் சுமத்தவேண்டாம்.
• ஸ்டார்ட்டர் கம்பிகளை நேரடியாக முடிச்சுப் போடவேண்டாம். கிளச் சுவிச்சினூடாகக் கொண்டுசெல்லுங்கள்.
• நிலக் கம்பியை மறக்கவேண்டாம்.
• இரண்டு ஓட்டங்களின் பின்னரே வாகனத்தைக் கையளியுங்கள்.

கூடிக் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் ஊரில் ஓடும் வாடகை வாகனங்களுள் எத்தனையில் எஞ்சின் விளக்கு நிரந்தரமாக எரிகிறது? திறப்பைப் போட்டதும் எத்தனையில் அது எரிவதே இல்லை?
2. ஒரு சொலனோயிட்டின் தடை 12 ஓம், மின்னழுத்தம் 14 வோல்ற் எனின், அதற்குப் பதிலாகப் பூட்டும் தடையி எத்தனை வாற் தாங்கவேண்டும்?
3. ஸ்கேனர் ஒன்றைத் தனியாக வாங்க முடியாத மூன்று நான்கு சிறு கராச்சுகள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்ள முடியுமா? அதை யார் பொறுப்பேற்பது?
4. வேலியோரம் அன்று ஒரு பிள்ளை நின்றிருந்தால், பொறுப்பு யாருடையது? கம்பியை முடிந்தவரா, அவசரப்படுத்தியவரா, திறப்பைத் திருகியவரா?